வெக்கை யாரை முதலில் தாக்குகிறது?

சென்னை வெயிலைப் பற்றிய செய்தி எதுவானாலும் அதில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் வரும்: நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம். வானிலை ஆய்வு மையத்தின் வெப்பமானிகள் அங்கே காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் இருக்கின்றன. 2003 மே 31 அன்று இந்த நகரம் கண்ட 45 டிகிரியும் அப்படி நிழலில் அளந்ததுதான். வானிலையை அறிய அது சரியான முறை. ஆனால் திருவொற்றியூரில் ஃபவுண்டரி உலைக்கு முன்னால் நிற்பவருக்கும், மணலி சரக்குக் கிடங்கில் கன்டெய்னருக்குள் மூட்டை அடுக்குபவருக்கும், காசிமேட்டில் கருவாடு உலர்த்தும் அம்மாவுக்கும் அந்த எண் எதையும் சொல்வதில்லை.

வானத்தில் இருப்பது மூவருக்கும் ஒரே வெயில்தான். தண்ணீர் யாருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கழிவறை யாருக்கு இருக்கிறது, தலை சுற்றினால் யார் உட்காரலாம், உட்கார்ந்தால் யாருக்கு அன்றைய கூலி போகும் என்பவை ஆளுக்கு ஆள் மாறுகின்றன. பணியிடத்தில் சமநீதி என்றால் சம்பளம், பதவி உயர்வு, மரியாதை என்று பேசிப் பழகியிருக்கிறோம். துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டி வாழும் வடசென்னைக்கு அவற்றுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. உடம்பு போதும் என்று சொல்லும்போது வேலையை நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது? அந்த உரிமை இல்லாதவருக்குள் என்ன நடக்கிறது என்பதை உடலியல் கொண்டு விளக்க முடியும்.

மனித உடம்பு உழைக்கும்போது செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதி முழுவதும் சூடு. ஐம்பது கிலோ மூட்டைகளை விடாமல் தூக்கி அடுக்குபவரின் உடம்பு நானூறு வாட்டுக்கு மேல் சூட்டை உண்டாக்கும். அந்தச் சூடு வெளியேறாவிட்டால் உடலின் உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகும். வெளியே காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் சூடு தானாகவே கொஞ்சம் வெளியேறும். சித்திரை, வைகாசி மதியத்தில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் நம் உடம்பு குளிர்வதும் ஒரே விதியால்: நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டு நீங்கும்.

ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தரையில் சொட்டுகிற வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை. அது தண்ணீரையும் உப்பையும் இழப்பதோடு சரி. “குளித்தது போல வேர்த்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால் அவருடைய குளிர்விப்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். கன்டெய்னருக்குள் நிகழ்வது இதுவே. வெயிலில் நின்று காய்ந்த இரும்புச் சுவர் மூன்று பக்கமும், கூரை மேலும். ஒரே ஒரு வாசல். காற்று அசையாது. உள்ளே இருவரோ மூவரோ மூச்சு வாங்கி வியர்க்க வியர்க்க, அந்தக் காற்றிலேயே ஈரம் ஏறுகிறது. சுவரிலிருந்து வரும் கதிர்வீச்சு தோலைச் சுடுகிறது. எண்ணூர் கரையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசினாலும் அடுக்கி வைத்த பெட்டகங்களையும் மதில்களையும் தாண்டி அது இங்கே வந்து சேர்வதில்லை.

கடலோரத்தின் வெக்கை ஏன் தனி ரகம் என்பதை ஓர் எளிய கருவி காட்டும். வெப்பமானியின் குமிழை ஈரத் துணியால் சுற்றிக் காற்றில் வைத்தால், நீர் ஆவியாகும் அளவுக்கு அது இறங்கும். அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். தில்லியில் 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் அந்தக் குமிழ் சுமார் 22 டிகிரிக்கு இறங்கிவிடும். எண்ணூரில் 34 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் சுமார் 28-க்குக் கீழே இறங்காது. செய்தியில் தில்லிதான் கொதிக்கும். மூட்டை தூக்குபவரின் வியர்வைக்கு எண்ணூர்தான் கொடுமை. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களை ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன் 1905-லேயே இதை எழுதிவிட்டார். அசையாத காற்றில் ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா இருப்பவரின் உடல் வெப்பமும் ஏறத் தொடங்குகிறது என்று கண்டார். வேலை செய்பவருக்கு எல்லை அதற்கும் கீழே.

இன்று பணியிடங்களில் அளப்பதற்கு டபிள்யூபிஜிடி என்ற குறியீடு இருக்கிறது. 1950-களில் அமெரிக்க மரைன் படையினரின் பயிற்சி முகாம்களில் பலர் வெயிலில் சுருண்டு விழுந்ததால் பிறந்தது இது. ஒரு முக்காலியில் மூன்று அளவிகள்: ஈரத்துணி சுற்றிய குமிழ், கதிர்வீச்சை வாங்கும் கறுப்புப் பூச்சுச் செம்புக் கோளம், நிழலில் ஒரு சாதாரண வெப்பமானி. முதலாவதற்கு 70 சதவீத எடை, கோளத்துக்கு 20, மூன்றாவதற்கு 10. சூத்திரமே சொல்கிறது, ஈரம்தான் பெரிய எதிரி என்று. கையடக்கமான கருவிகள் கடையில் கிடைக்கின்றன. ஒரு தொழிற்சாலை மாதாமாதம் செலவழிக்கும் பணத்தில் இதன் விலை கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் ஷிப்ட் தொடங்கும் கேட்டில் அந்த எண்ணை எழுதி வைக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை.

கருவியைவிட முக்கியமான விஷயம் இனித்தான் வருகிறது. வெக்கைக்கு உடம்பு பழகும். ஒரே நாளில் பழகாது. ஏழு முதல் பதினான்கு நாள்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, கூடுதலாக வருகிறது, அதில் உப்பு குறைகிறது. அதே வேலைக்கு இதயம் முன்போல் பதறித் துடிப்பதில்லை. பழகிய உடம்பு சில வாரம் விலகியிருந்தால் இந்தத் திறன் கரைந்தும் விடும். அதனால்தான் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், வெக்கையான வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் வழக்கமான நேரத்தில் 20 சதவீதம் மட்டும், பிறகு நாளுக்கு 20 சதவீதமாகக் கூட்டு என்று சொல்கிறது. அங்கே வெயிலில் நடந்த பணியிட மரணங்களில் பாதிக்கு மேல் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாள்களிலேயே நேர்ந்தவை.

இந்த அறிவை வடசென்னைக்குக் கொண்டுவந்து பாருங்கள். பர்மனென்ட் தொழிலாளி ஆண்டு முழுக்க அதே கூரைக்குக் கீழ் நிற்கிறார். மாசி, பங்குனியில் வெயில் மெல்ல ஏறும்போது அவர் உடம்பும் கூடவே பழகுகிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ சென்ட்ரலில் இறங்குபவருக்குக் கான்ட்ராக்டர் மூலம் கேட் பாஸ் கிடைத்ததும், மறுநாளே முழு ஷிப்ட். பண்டிகைக்கோ அறுவடைக்கோ ஊர் போய்த் திரும்புபவரும் உடலளவில் புதியவர்தான். கான்ட்ராக்ட் மாறினால் ஆளும் மாறுகிறார், இடமும் மாறுகிறது. பழகிய உடம்பு இருப்பவருக்குச் சுலபமான வேலையும், பழகாத உடம்புக்கு உலைக்குப் பக்கத்து வேலையும் விழுவது எத்தனையோ இடங்களில் எழுதப்படாத வழக்கம். பகலில் ஏறிய சூட்டை இரவில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் படுத்திருக்கும்போது அதுவும் நடப்பதில்லை. அடுத்த காலை ஷிப்ட் தொடங்கும்போது உடம்பு ஏற்கெனவே கடன்பட்டிருக்கிறது.

“முதல் நாள் 20 சதவீதம்” என்ற விதியைச் சொல்லும்போது சேர்த்துச் சொல்ல வேண்டிய வரி ஒன்று உண்டு: கூலி முழுதாகத் தர வேண்டும். இல்லாவிட்டால் அந்த விதியைத் தொழிலாளியே மீறுவார். டன்னுக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் அவரால் ஓய்வெடுக்கவே முடியாது. கலிபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர்களை ஒரு நாள் வேலைக்கு முன்னும் பின்னும் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். பீஸ் ரேட் கூலிக்கு உழைத்தவர்களிடம் சிறுநீரகத்துக்கு ஏற்படும் திடீர்ப் பாதிப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. கூலி முறை ரத்தத்தில் தெரிகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

அறிவியல் மட்டும் போதாது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா கசப்பான பாடம். அங்கே தங்கச் சுரங்கங்களில் ஆழத்தின் வெக்கையால் தொழிலாளர்கள் செத்தபோது, 1930-களில் வெக்கைக்கு உடம்பைப் பழக்கும் முறைகளை நிறுவனங்கள் உருவாக்கின. பின்னாளில் நீராவி நிறைந்த கூடங்களில், ஒரே தாளத்துக்குப் படி ஏறி இறங்க வைத்து, கறுப்பினத் தொழிலாளர்களைப் பழக்கிச் சுரங்கத்துக்குள் அனுப்பினார்கள். வெப்பத் தாக்கு மரணங்கள் குறைந்தது உண்மை. ஆனால் தாளத்தைத் தீர்மானித்தவர் வேறு, படி ஏறியவர் வேறு. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் இல்லை.

பெண்களின் கதைக்கு வருவோம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுப் பணியிடங்களில் வெக்கையை அளந்துவருகிறார்கள். அவர்கள் கவனித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது கழிவறை. வேலையிடத்தில் கழிவறை இல்லாதபோது பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே குடிக்காமல் வருகிறார்கள். கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் எட்டு மணி நேரம் வறண்ட உடம்போடு நின்றால் சிறுநீர்ப் பாதைத் தொற்று வரும், சிறுநீரகம் வாடும். “தண்ணீர் நிறையக் குடியுங்கள்” என்று சுவரில் போஸ்டர் ஒட்டும் நிர்வாகம் முதலில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதே குழு தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பெரும்பாலோர் பாதுகாப்பான வெப்ப எல்லையைத் தாண்டிய நிலையில் உழைப்பதையும், சிலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதையும் கண்டது. வெக்கையில் உடம்பு ரத்தத்தைத் தோலுக்கும் தசைக்கும் திருப்பிவிடுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் பங்கு சுருங்குகிறது. ஒரு நாள் என்றால் தேறிவிடும். பருவம் பருவமாக நடந்தால் தழும்பு விழும். வலி காட்டாத உறுப்பு என்பதால் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். இன்னொரு ஆய்வில் 800 கர்ப்பிணித் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்தார்கள். கடும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு. செங்கல் சூளையிலும் வயலிலும் உப்பளத்திலும் உழைத்த நம் ஊர்ப் பெண்கள் இவர்கள். ஓர் ஆண் உடம்பை மனதில் வைத்து வகுத்த வெப்ப எல்லைகள் இவர்களுக்குப் பொருந்துமா என்று உலக மருத்துவ இதழ்கள் இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கின்றன.

வெப்பநிலையைத் தள்ளிவைத்துவிட்டு, நிறுத்தும் உரிமையை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் உடம்பில் அதன் தடம் தெரிகிறது. லண்டனில் 1967-ல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. உலையும் இல்லை, வெயிலும் இல்லை. எல்லோரும் அலுவலகத்தில் இருப்பவர்கள். இருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சத்தில் இருந்தவர்களைப் போல் சுமார் மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி முழுதாக மறையவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் மைக்கேல் மார்மட் குழு பெண்களையும் சேர்த்துக்கொண்டது. தன் வேலையின் வேகத்தையும் முறையையும் தீர்மானிக்கும் வாய்ப்பு குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்ததை அது காட்டியது. லண்டன் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளில் செய்வதை, கன்டெய்னருக்குள் அதே உரிமையின்மை ஒரு மதியத்தில் செய்துவிடும்.

வடசென்னைக்கு இந்த உரிமைக் கேள்வி புதிய விஷயமே இல்லை. பெரம்பூர் பின்னி மில்களில் மதிய உணவுக்கு விட்ட நேரம் போதவில்லை என்பது தொழிலாளர்களின் முதன்மையான குறைகளில் ஒன்று. 1918 ஏப்ரல் 27 அன்று செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியில், பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான். உட்கார்ந்து சாப்பிட நேரம் என்பது உடம்பின் கோரிக்கை. அது இந்த மண்ணில் ஒரு சங்கத்துக்கே விதையானது.

ஆனால் அந்தச் சங்கத்தின் கதையில் பெருமையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. 1921-ல் அதே மில்களில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கையிருப்பு இல்லாத குடும்பத்தால் கூலியில்லாமல் எத்தனை வாரம் தாக்குப்பிடிக்க முடியும்? சங்கத்தை நடத்தியவர்கள் அந்தக் கேள்வியைப் போதுமான அளவு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், சாதியாகப் பிரிந்து கிடந்த குடியிருப்புகளுக்கு இடையே நம்பிக்கை இல்லை. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின, சங்கம் உடைந்தது. எல்லோருக்கும் பொதுவான போராட்டம் என்று அறிவித்தால் மட்டும் எல்லோராலும் அதில் நிற்க முடிவதில்லை. வேலையை நிறுத்தும் சக்தி யாருக்கு மிகக் குறைவோ அவருடைய நிலையிலிருந்து விதியை எழுதாவிட்டால், மற்றவர்களுக்கும் அது நிலைக்காது. நூறு ஆண்டு கழித்து பர்மனென்ட்டுக்கும் கான்ட்ராக்ட்டுக்கும் நடுவே அதே கோடு ஓடுகிறது. இன்று கேன்டீனில் இரண்டு வரிசை நிற்கும் இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குடிநீரைக் குளிர்வித்துத் தர வேண்டும் என்றது. நின்றே வேலை செய்பவர் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி உழைக்க வைக்கக் கூடாது என்றது. 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒரு படி மேலே போய், தண்ணீர், கழிவறை, ஓய்வறை போன்றவற்றைக் கான்ட்ராக்டர் தராவிட்டால் முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்று எழுதி வைத்தது. கேரளத்துக்குப் பிறகு 2021-ல் தமிழ்நாடு கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும் வேலை நின்றுபோய், காலில் ரத்தம் தேங்கி ரத்த நாளம் சுருள்கிறது. எத்தனையோ விற்பனைப் பெண்களின் கால்களில் இது வரைபடமாகவே தெரியும். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். வெக்கையின் பாதிப்பு மணிக்கு மணி கூடிக்கொண்டே போகும் என்பதால் அந்தப் பின்வாங்கல் நல்ல முடிவு.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெக்கையால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வெப்பத் தாக்கு என்று மருத்துவர் எழுத வேண்டுமானால், விழுந்த உடனே உடலின் உள்வெப்பத்தை அளந்திருக்க வேண்டும். கிடங்கில் சரிந்தவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுபோவதற்குள் அந்தத் தடயம் போய்விடும். சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கும். தொழிற்சாலை முதலுதவிப் பெட்டியில் மலக்குடல் வெப்பமானி வைத்திருப்பதும், ஒரு டிரம் நிறைய ஐஸ் தண்ணீர் தயாராக இருப்பதும், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே உடம்பை அதில் அமிழ்த்தக் கற்றிருப்பதும் உயிரைக் காக்கும். வெப்பத் தாக்கில் முதல் அரை மணி நேரம்தான் எல்லாம்.

நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் இளம் தொழிலாளர்கள் சிறுநீரகம் பழுதாகிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு பெரிய சர்க்கரை ஆலையில் நிழல், தண்ணீர், கட்டாய ஓய்வு ஆகிய மூன்றையும் முறைப்படுத்தினார்கள். ஓய்வு நேரம் கூடக்கூட சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. உற்பத்தி சரிந்துவிடும் என்ற பயமும் பலிக்கவில்லை. ஓய்வைத் தொழிலாளியின் விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்கியதுதான் அங்கே வேலை செய்தது என்று நினைக்கிறேன். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போது “கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேண்ணே” என்று கேட்பது பழைய ஆளுக்கே கஷ்டம். நேற்று சேர்ந்தவர், தமிழ் தெரியாதவர், ஒரே பெண்ணாக நிற்பவர் எப்படிக் கேட்பார்? மணி அடித்தால் எல்லோரும் நிழலுக்கு வர வேண்டும் என்றால் யாரும் கேட்க வேண்டியதில்லை.

வடசென்னையில் இதைத் தொடங்க ஏற்ற இடம் டெண்டர் ஆவணம் என்பது என் கருத்து. துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலையும் இங்கே பெரும்பாலும் பொதுத்துறையில் இருக்கின்றன. ஆள் தேவையைக் குறைந்த விலை சொல்லும் கான்ட்ராக்டரிடம் விடுகின்றன. ஓய்வுக்கும் பழகும் வாரத்துக்கும் ஆகும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடும் நேர்மையான கான்ட்ராக்டர் அந்தப் போட்டியில் தோற்றுவிடுகிறார். புதியவருக்கு முதல் ஐந்து நாள் குறைந்த வேலை நேரமும் முழுக் கூலியும், டபிள்யூபிஜிடி எல்லை தாண்டினால் மணிக்கு இத்தனை நிமிடம் ஓய்வு, பெண்களுக்கு வேலையிடத்துக்கு அருகிலேயே தாழிடக்கூடிய கழிவறை, மூட்டைக் கணக்குக் கூலிக்குத் தடை ஆகியவற்றை டெண்டரிலேயே நிபந்தனையாக எழுதி, அவற்றுக்கான தொகையைப் போட்டியிலிருந்து விலக்கித் தனித் தலைப்பில் நிறுவனமே தர வேண்டும். அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், சட்டமன்றமும் கூட வேண்டாம். அடுத்த கோடைக்கான ஒப்பந்தங்களுக்கு விலைப்புள்ளி கேட்கும் நேரத்தில் ஒரு பொறியாளரும் ஒரு நிதி அதிகாரியும் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும்.